வாத்து வேட்டைக்கு லாப்ரடார் குட்டியைப் பழக்குவது எப்படி: முதல் ஒரு வருடம்

லாப்ரடார் குட்டியின் முன்னால் ஒரு சாக்ஸைச் சுருட்டி எறிந்தால் அது ஓடும், கவ்வும், பாதி வழி வரைக்கும் கொண்டும் வரும். இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் வைத்திருந்த தண்ணீர் நாய்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் உருவாக்கிய இனம் இது, எடுத்து வருவது ரத்தத்திலேயே இருக்கிறது. வாத்து வேட்டைக்கு நாம் சொல்லித்தர வேண்டியது கிட்டத்தட்ட அதற்கு எதிரான ஒன்று: தலைக்கு மேல் துப்பாக்கி வெடிக்கிறது, வாத்து விழுகிறது, தண்ணீர் தெறிக்கிறது, ஆனாலும் தன் பெயரைச் சொல்லி அனுப்பும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வருடப் பயிற்சியில் பாதிக்கு மேல் இதுதான், மீதியெல்லாம் குட்டியைப் பயமுறுத்தாமல் இருப்பது.

இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்காக எழுதுவது. இந்தியாவில் காட்டு வாத்தைச் சுடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அங்கே லாப்ரடார் வைத்திருப்பவர்கள் துப்பாக்கி, பறவை பகுதிகளை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கலாம். அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கு நாய் கட்டாயம் இல்லை, ஆனால் சுட்டு விழுத்திய பறவையைத் தேடி எடுக்க நியாயமான முயற்சி செய்யவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அடிபட்ட வாத்து கோரைப்புல்லுக்குள் புகுந்து அலகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தால் மனிதக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நாயின் மூக்குக்குத் தெரியும்.

குட்டி வாங்கும்போது

அழகுப் போட்டிக் குடும்பத்துக் குட்டி வேண்டாம், அப்பா அம்மா இரண்டும் வேட்டைக்குப் போகிற குடும்பத்தில் பாருங்கள். இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே சான்று, கண் பரிசோதனை, அப்புறம் இஐசி (EIC, கடும் ஓட்டத்தில் துவண்டு விழும் நோய்) மரபணுப் பரிசோதனை, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இஐசி என்பது லாப்ரடார்களில் வரும் ஒரு குறை. சாதாரணமாக விளையாடும்போது ஒன்றும் தெரியாது, கடுமையாக ஐந்து பத்து நிமிடம் ஓடினால் பின்னங்கால் துவண்டு விழுந்துவிடும், ஆழமான தண்ணீரில் அப்படி ஆனால் நாய் போய்விடும். பெற்றோரில் ஒன்றாவது பரிசோதனையில் முழுக்கச் சுத்தம் என்று வந்திருந்தால் குட்டிக்கு அந்த நோய் வராது. இதைக் கேட்டதும் எரிச்சல்படுகிற ஆளிடம் வாங்காதீர்கள்.

எந்த மாதம் பிறந்த குட்டி என்பதையும் யோசியுங்கள். குளிர்காலத்தில் பிறந்த குட்டிக்கு கோடை முழுவதும் தண்ணீர்ப் பயிற்சி கிடைக்கும், வேட்டை சீசன் தொடங்கும்போது எட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்கும், ஓரிரு எளிய வேட்டைக்குக் கூட்டிப்போகலாம். மே, ஜூனில் பிறந்தது என்றால் அந்த வருட சீசனை மறந்துவிடுங்கள். நான்கு மாதக் குட்டியை நவம்பர் குளிரில் சேற்றில் உட்காரவைத்துப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. படம் நன்றாகத்தான் இருக்கும், அந்த நாய் இரண்டு வயதில் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள் தொடங்குவது

ஏழு எட்டு வாரத்தில் குட்டி வந்துவிடும். வீட்டில் நீளமான நடை இருந்தால் எல்லா அறைக் கதவுகளையும் சாத்திவிட்டு ஒரு முனையில் உட்கார்ந்துகொண்டு சுருட்டிய சாக்ஸையோ புது பெயிண்ட் ரோலர் உறையையோ உருட்டிவிடுங்கள். குட்டி எடுத்துக்கொண்டு ஓட வேறு வழியே இல்லாததால் உங்களிடம்தான் வரும். வந்ததும் பிடுங்கக்கூடாது. வாயிலேயே இருக்கட்டும், நெஞ்சையும் முதுகையும் தடவிக்கொடுங்கள், கொஞ்ச நேரம் பெருமையாக வைத்துக்கொள்ளட்டும், அப்புறம் மெதுவாக வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டுவந்தவுடன் பறித்துவிடுவார்கள் என்று புரிந்துகொண்ட குட்டி அடுத்தமுறை சோபாவுக்கு அடியில் போய்விடும், நீங்கள் துரத்துவீர்கள், துரத்துவது அதற்கு இன்னும் பெரிய விளையாட்டு.

ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று எறிதல் போதும். இன்னும் வேண்டும் என்று அது துடிக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், சலித்துப்போகும் வரை எறிந்தால் ஆசை குறையும். ஒரு பொருளை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் விளையாட்டு வேட்டை நாய்க்கு ஆகாது, குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள். நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பல் விழுந்து முளைக்கும், ஈறு வலிக்கும். அந்த நாட்களில் எறிவதைக் குறைத்து மென்மையான துணி மட்டும் கொடுங்கள், இல்லாவிட்டால் கவ்வுவதையும் வலியையும் மனதில் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

காத்திருக்கும் பாடமும் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடலாம், துப்பாக்கிக்கும் வாத்துக்கும் சம்பந்தமே இல்லாமல். சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்கும்போது உட்காரவேண்டும், சொன்ன பிறகு சாப்பிடவேண்டும். கதவு திறந்தால் உட்காரவேண்டும், பெயரைச் சொன்ன பிறகு வெளியே. கார்க் கதவு, கூண்டுக் கதவு எல்லாவற்றுக்கும் இதே. தினமும் நடக்கிற காரியங்கள் என்பதால் தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டாம்.

'சிட்' (உட்கார்), 'ஹியர்' (வா), 'ஹீல்' (பக்கத்திலேயே நட) மூன்றும் ஐந்து மாதத்துக்குள் ஓரளவு பிடிபட்டுவிடும். கூடவே விசிலும்: ஒரு நீண்ட ஊதல் என்றால் உட்கார், தொடர்ந்து சின்னச் சின்னதாக ஊதினால் வா. எதையும் ஒருமுறைதான் சொல்லவேண்டும். 'சிட், சிட், சிட்' என்று நாலு தரம் சொன்னால் நாலாவது தரம்தான் உட்காரவேண்டும் போல என்று நாய் கற்றுக்கொள்கிறது, அதன்மேல் தப்பே இல்லை. அப்புறம் ஒரு பலகை மேடை செய்து வையுங்கள், முழங்கால் உயரத்துக்கும் கம்மியாக. அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் இறங்கச் சொல்லும்வரை அங்கேயேதான். பின்னாளில் தண்ணீர் நிற்கும் காட்டில் மரத்தில் மாட்டும் நாய்மேடைக்கும் படகு முனைக்கும் இந்தப் பழக்கம்தான் போய்ச் சேரும்.

காத்திருக்கவைப்பது

இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், காரணமும் புரிகிறது, இரண்டு பக்கமும் பள்ளம். மூன்று மாதக் குட்டியை ஒவ்வொரு எறிதலுக்கும் கட்டாயம் உட்காரவைத்துத் திட்டிக்கொண்டிருந்தால் ஓடுகிற ஆசையே போய்விடும். ஒரு வயது வரை இஷ்டத்துக்கு ஓடவிட்டால் கையிலிருந்து பொருள் கிளம்பும் முன்பே நாய் கிளம்பிவிடும். ஆகவே சின்ன வயதில் நெஞ்சில் கைவைத்து லேசாகப் பிடித்துக்கொண்டு எறியுங்கள், பொருள் கீழே விழுந்ததும் பெயரைச் சொல்லி விடுங்கள், அவ்வளவுதான். ஆறு மாதம் தாண்டி, எடுத்துவரும் வெறி நன்றாக ஊறிவிட்டது என்று தெரிந்த பிறகு கணக்கை மாற்றவேண்டும்.

எப்படி என்றால், நாயை மேடையில் உட்காரவைத்து பம்பரை எறியுங்கள். பம்பர் என்பது தண்ணீரில் மிதக்கிற உருளை, பயிற்சிக்கென்றே விற்கிறார்கள். எறிந்துவிட்டு நீங்களே நடந்துபோய் எடுத்து வாருங்கள். மறுபடி எறியுங்கள், மறுபடி நீங்களே எடுங்கள். மூன்றாவதற்கு அனுப்புங்கள். அப்புறம் எதற்கு அனுப்புவீர்கள் என்று யூகிக்கவே முடியாதபடி கலைத்துக்கொண்டே இருங்கள். விழுவதெல்லாம் தனக்கில்லை என்பது நாய்க்குப் புரியவேண்டும். கழுத்துப்பட்டையில் ஒரு கயிற்றைக் கோத்து இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டால் அது தாவினாலும் நின்றுவிடும், அனுப்பும்போது ஒரு முனையை விட்டால் கயிறு உருவிக்கொள்ளும். தாவிவிட்டால் கத்தவேண்டாம், அந்தப் பம்பர் அதற்குக் கிடைக்கக்கூடாது, அதுதான் தண்டனை.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் ஒழுங்கு மட்டுமில்லை. வேட்டைக்காரர்கள் ஒளிந்திருக்கும் மறைப்புக்குள் நான்கு பேர் தாழ்வாகப் பறக்கும் வாத்தைக் குறிபார்க்கும்போது முன்னால் பாய்கிற நாய் குண்டுக்கு எதிரே போகிறது. துப்பாக்கிக் குழாய் முனைக்கு முன்னால் நிற்கும் நாயின் காதும் போய்விடும். இன்னொன்று முனகல். பரபரப்பு தாங்காமல் மறைப்புக்குள் ஊளையிட்டுக்கொண்டே இருக்கும் பழக்கம் வந்துவிட்டால் நிறுத்துவது மகா கஷ்டம், ஆகவே பயிற்சியில் முனகும் நாயை ஒருபோதும் அனுப்பாதீர்கள். வாய் மூடியதும் அனுப்புங்கள்.

எங்கே விழுந்தது என்று பார்க்கப் பழக்குவது

நாய்க்குச் சிவப்பும் பச்சையும் நம்மைப் போலப் பிரித்துத் தெரியாது. புல்லில் கிடக்கும் ஆரஞ்சுப் பம்பர் நமக்குப் பளிச்சென்று தெரியும், நாய்க்குப் புல்லோடு புல்லாக மங்கிவிடும். கண்ணால் பார்த்துப் போகும் பயிற்சிக்கு வெள்ளைப் பம்பர், மூக்கால் தேடவேண்டிய பயிற்சிக்கு ஆரஞ்சு.

எப்போதும் நீங்களே எறிந்துகொண்டிருந்தால் உங்கள் கை எவ்வளவு தூரம் எறியுமோ அதுதான் உலகம் என்று நாய் நினைத்துக்கொள்ளும். வாத்து 60 கஜத்தில் விழும், இது 30 கஜத்தில் நின்று சுற்றிச் சுற்றித் தேடும். இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அவர் தள்ளி நின்று 'ஹே ஹே' என்று கூப்பிட்டுவிட்டு உயரமாக எறியட்டும், நாய் உங்கள் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். ஆள் கிடைக்காவிட்டால் நாயை உட்காரவைத்துவிட்டு நீங்கள் முன்னால் போய் எறியுங்கள், திரும்பி வந்து நாயை இன்னும் பின்னால் கூட்டிப்போய் அங்கிருந்து அனுப்புங்கள். முதலில் குட்டைப் புல், அப்புறம் முழங்கால் புல். நாய் தேடிக்கொண்டிருக்கும்போது உடனே கைகாட்டி உதவாதீர்கள், அது தானாகக் கண்டுபிடிக்கிற ஒவ்வொரு முறையும் அடுத்ததற்கு இன்னும் ஊன்றித் தேடும்.

தண்ணீருக்கு அறிமுகப்படுத்துவது எளிது, கெடுப்பது அதைவிட எளிது. வெயில் நாளில், மெதுவாக இறங்கும் கரையில், நீங்களே கால்சட்டையை மடித்துக்கொண்டு உள்ளே போங்கள், குட்டி பின்னாலேயே வரும். தூக்கிப் போடவே கூடாது. பிடிமானம் இல்லாத நீச்சல்குளத்தின் விளிம்பிலிருந்தும் தொடங்காதீர்கள். கணுக்கால் ஆழத்தில் ஓடவிட்டு, பம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டால் ஒருநாள் தானாகவே கால் தரையை விட்டு மேலே வந்துவிடும். கோடையில் தேங்கிய குட்டை பச்சை பெயிண்ட் கொட்டியது போல் இருந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், அந்தத் தண்ணீரைக் குடித்த நாய் சில மணி நேரத்தில் செத்துப்போவதும் உண்டு.

துப்பாக்கிச் சத்தம்

இங்கே அவசரப்பட்டவர்களின் நாய்கள்தான் ஆயுளுக்கும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கின்றன. வெடிக்குப் பயப்படும் நாய் அப்படியே பிறப்பது அபூர்வம், பெரும்பாலும் ஆள்தான் அப்படி ஆக்குகிறான். துப்பாக்கி பயிலும் மைதானத்துக்குக் குட்டியைக் கூட்டிப்போய் 'பழகட்டும்' என்று நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. முதல் வருடம் ஜூலை 4 வாணவேடிக்கைக்கும் வெளியே கொண்டுபோகாதீர்கள், வீட்டுக்குள் டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருங்கள்.

சரியான முறை இது. குட்டி பம்பருக்கோ பறவைக்கோ பைத்தியமாக ஓடிக்கொண்டிருக்கும்போது, அதாவது வேறு எதுவும் காதில் ஏறாத நேரத்தில், நூறு கஜம் தள்ளி ஒருவர் வெற்றுத் தோட்டா போட்ட சின்னத் துப்பாக்கியை ஒருமுறை வெடிக்கட்டும். குட்டியைப் பாருங்கள். கண்டுகொள்ளவே இல்லை என்றால் சில நாள் அதே தூரத்தில் செய்துவிட்டு அடுத்தமுறை கொஞ்சம் பக்கத்தில். நின்று திரும்பிப் பார்த்தது, வால் தாழ்ந்தது என்றால் பழைய தூரத்துக்குப் போங்கள், சில நாள் சத்தமே வேண்டாம். பக்கத்தில் வந்த பிறகு ஷாட்கன், மறுபடி தூரத்திலிருந்து. வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும். கடைசியில் வெடிச்சத்தம் கேட்டதும் எங்கே விழப்போகிறது என்று நாய் வானத்தைத் தேடும். அப்போது இந்தப் பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இறகு, பொம்மை வாத்து, படகு

பம்பரைப் பிரமாதமாகக் கொண்டுவரும் நாய் முதல் வாத்தைப் பார்த்து முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். ஆகவே முதலில் பம்பரில் வாத்துச் சிறகு கட்டுங்கள், அப்புறம் செத்த புறா, அப்புறம் உறையவைத்து எடுத்த சின்ன வாத்து. டீல் என்ற சின்ன வாத்து இனம் கிடைத்தால் நல்லது, மல்லார்ட் என்ற பெரிய இனத்து ஆண் வாத்து ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், ஆறு மாத வாய்க்கு அது பெரிய சுமை. வாயில் வைத்து மெல்ல ஆரம்பித்தால் எறிவதை நிறுத்திவிட்டு 'ஹோல்டு' பாடத்துக்குத் திரும்புங்கள்: பக்கத்தில் உட்காரவைத்து, வாயில் மெதுவாக வைத்து, தாடையைக் கீழிருந்து தாங்கி, அமைதியாகப் பிடித்திருந்தால் பாராட்டி, 'டிராப்' சொல்லி வாங்குவது. நிலைப்பல் முளைத்த பிறகு, தினம் ஐந்து நிமிடம்.

காதைத் திருகிக் கவ்வவைக்கும் பழைய முறை ஒன்று இங்கே உண்டு, தொழில்முறைப் பயிற்சியாளர்கள் பலர் இன்றும் செய்கிறார்கள். வீட்டு நாய்க்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. மின் கழுத்துப்பட்டையும் அப்படித்தான். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த கட்டளையை நினைவூட்டத்தான் அது, புதிதாகச் சொல்லித்தர இல்லை. தெரிந்தவர் ஒருவர் கூட இருந்து காட்டாமல் வீடியோ பார்த்து அதைக் கையில் எடுக்காதீர்கள்.

காட்டு வாத்துகளை ஏமாற்றி வரவழைக்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளை முதலில் புல்தரையில் பரப்புங்கள். நாயை அவற்றுக்கு நடுவே 'ஹீல்' சொல்லி நடத்துங்கள், முகர்ந்தால் 'நோ', அவ்வளவுதான். பம்பரை முதலில் எதிர்ப்பக்கம், அப்புறம் பக்கவாட்டில், கடைசியில் பொம்மைகளைத் தாண்டி எறியுங்கள். தரையில் சரியான பிறகு தண்ணீரில். பொம்மைகளின் நங்கூரக் கயிறு காலில் சிக்கினால் நாய் மிரளும், அதைச் சூடான நாளில் ஆழமில்லாத இடத்தில் ஒருமுறை அனுபவிப்பது நல்லது. ஆகஸ்டில் முழு ஒத்திகை பாருங்கள்: உருமறைப்பு உடை, மறைப்பு, வாத்துக் குரல் எழுப்பும் ஊதல், படகு, வெற்றுத் தோட்டா, எல்லாம் சேர்ந்து. முதல் வேட்டையன்று நாய்க்குப் புதிதாக இருக்கவேண்டியது உயிருள்ள வாத்து மட்டும்தான்.

கைச்சைகை பார்த்து இடம் வலம் போவது, பார்க்காத பறவைக்குப் போவது எல்லாம் அடுத்த வருடம். கோடையில் ஒரு இலக்கு வேண்டும் என்றால் ஏகேசி (அமெரிக்கன் கென்னல் கிளப்) நடத்தும் ஜூனியர் ஹண்டர் தேர்வு இருக்கிறது, தரையில் இரண்டு, தண்ணீரில் இரண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துவந்தால் போதும். ஆறு மாதம் முடிந்த நாய் கலந்துகொள்ளலாம். மற்ற நாய்களுக்கு நடுவே உங்கள் நாய் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ளவே போகலாம்.

முதல் வேட்டை

உங்கள் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இதை யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்கிறேன். சுடுவதற்கு ஒரு நண்பர் போதும், உங்கள் கண் முழுக்க நாய்மேல் இருக்கவேண்டும். சுட்டுக்கொண்டே நாயையும் பார்க்கமுடியாது, மாதக்கணக்கில் கட்டிய பொறுமை ஒரே காலையில் கலைந்துவிடும். பல மாநிலங்களில் செப்டம்பரில் டீல் வாத்துகளுக்குத் தனியாக ஒரு சின்ன சீசன் உண்டு. தண்ணீர் வெதுவெதுப்பு, பறவை சின்னது, குட்டிக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. லூசியானா, டெக்சாஸ் கடலோரம் என்றால் முதலை நடமாட்டம் உள்ள தண்ணீரில் அந்த மாதத்தில் நாயை இறக்காதீர்கள்.

முதல் பறவை திறந்த தண்ணீரில் அசையாமல் கிடக்கிற பறவையாக இருக்கட்டும். அடிபட்டு நீந்துகிற வாத்துக்கு இப்போதே அனுப்பாதீர்கள், அது முங்கி முங்கி எழுந்து நாயை ஏரியின் நடு வரைக்கும் இழுத்துப் போய்விடும், நண்பர் அதை முதலில் முடிக்கட்டும். கனடா வாத்து விழுந்தால் நீங்களே போய் எடுங்கள், அடிபட்ட பெரிய வாத்தின் சிறகடி வாங்கிய குட்டி அடுத்த பறவையிடம் போகவே யோசிக்கும். வேறு நாய் கூட வேண்டாம். இரண்டு மூன்று பறவை வந்ததும், அன்றைக்கு எவ்வளவு நன்றாகப் பறந்துகொண்டிருந்தாலும் சரி, நாயைப் பொறுத்தவரை வேட்டை முடிந்தது.

சட்டப் பக்கம் சுருக்கமாக: 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் மாநில உரிமத்தோடு 25 டாலர் ஃபெடரல் டக் ஸ்டாம்ப் (மத்திய அரசின் வாத்து வேட்டை முத்திரை) வேண்டும். 1934 முதல் இருக்கிற ஏற்பாடு, அந்தப் பணம் ஏறக்குறைய முழுவதும் சதுப்புநிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. ஈயக் குண்டு கூடாது, 1991 முதல் நாடு முழுவதும் தடை. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு இருக்கவேண்டும். நேரமும் எண்ணிக்கை வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம், வருடத்துக்கு வருடம் மாறும், அந்த வருடக் கையேட்டைப் பாருங்கள்.

குளிர் மாதங்களுக்கு நாய்க்கு நியோப்ரீன் என்ற ரப்பர் துணியில் செய்த அங்கி வாங்குங்கள், உடம்போடு ஒட்டி இருக்கவேண்டும், தொளதொளவென்றால் தண்ணீர் உள்ளே போய் கனக்கும், கிளையிலும் மாட்டும். மெல்லிய பனிப்பாளம் படிந்த ஏரியில் நாயை அனுப்பவே வேண்டாம், எந்த வாத்துக்காகவும். நாய் தண்ணீரை விட்டு உட்கார ஓர் உலர்ந்த இடம் இருக்கவேண்டும். நடுக்கம் நிற்காமல் தொடர்ந்தால், நடை தள்ளாடினால் துடைத்து வண்டியில் ஏற்றி ஹீட்டரைப் போடுங்கள். காலையில் கிளம்பும் முன் வயிறு நிறையப் போடாதீர்கள், நிறைந்த வயிற்றோடு ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும் அபாயம் பெரிய நாய்களுக்கு உண்டு. வேண்டுமானால் நடுவில் சின்னச் சின்னதாக ஏதாவது கொடுக்கலாம், சாப்பாடு வீட்டுக்கு வந்து மூச்சு அடங்கிய பிறகு.

வீட்டுக்கு வந்ததும் கீழிமையை இழுத்துப் பாருங்கள், புல்விதை ஒட்டியிருக்கும். காதுக்குள் துடையுங்கள், விரலிடுக்கில் முள் இருக்கிறதா பாருங்கள், அங்கி உரசிய அக்குளில் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை எழுந்திருக்கும்போது கால் பிடித்துக்கொண்டது போல் நடந்தால் இரண்டு மூன்று நாளைக்குப் பம்பரை எடுக்கவே வேண்டாம்.